இடப்பக்கம் மட்டும் படித்த வீடு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் எல்லோரும் இங்கே சுகம், உன் சுகத்துக்குப் பதில் போடு என்று தொடங்கச் சொன்னேன். உன் தங்கை பேனாவை நிறுத்திவிட்டு, எந்தத் தேதியிலிருந்து சுகம் என்று எழுதட்டும் என்று கேட்கிறாள். கேட்பதும் நியாயம்தான். நேற்றுச் சாயங்காலம் நான்கு மணியிலிருந்து நாங்கள் சுகம். அதற்கு முந்தைய நாலரை மாதம் எப்படிப் போயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்பதால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். இதில் அவள் தானாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறதாம், அந்த இடம் வரும்போது பேனாவை அவளிடமே விட்டுவிடுகிறேன். தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறது. பாதியில் பதறிப்போய்ப் போனை எடுக்காதே, திருப்பிப் போட்டு முழுவதும் படி.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நீ தொழிற்சாலையில் பேக்கிங் கூடத்துக்குள் போகும்போது போனை வாசலில் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். நீ வேலை முடிந்து கூப்பிடுகிற நேரம் உன் அப்பா என் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தால் போதும், முழங்கையால் ஒரு குத்து. அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் “எல்லாம் நல்லா இருக்குப்பா” என்று சொன்னேன். என் விலா எலும்புக்குத்தான் தெரியும் எவ்வளவு நன்றாக இருந்தது என்று. இன்று காலை அவர் வேலைக்குப் போய்விட்டார். எந்த வேலைக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை துறைமுகத்து டாக்டரம்மா உடம்பைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். கையெழுத்து இருந்தால் நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கேபின். இல்லாவிட்டால் தரையில், கேட்டுக்குப் பக்கத்து மேசையில் லாரி நம்பர் எழுதுகிற வேலை. இந்த வருடச் சோதனையில் உன் அப்பாவின் ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, சாப்பாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள், இப்போதைக்கு மூன்று மாதத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன், பிறகு பார்க்கலாம் என்றாராம் டாக்டரம்மா. உன் அப்பா அந்த இரண்டு ‘கொஞ்ச’த்தையும் டாக்டர் அறையிலேயே விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உனக்குக் கொழுப்பு என்று நாங்கள் பத்தொன்பது வருடமாகச் சொல்கிறோமே, அதற்கு ஊசி போட்டு ரத்தம் எடுக்கணுமா என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்களாம். அவர் சிரிக்கவில்லை. எதை எதைச் சாப்பிடலாம் என்று கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லையாம். அதிகம் கேட்டால் அதிகம் சொல்லிவிடுவார்களோ என்று பயமாம். துறைமுகத்தில் அவருக்கு ‘உச்சாணி’ என்று பெயர். கீழே இறக்கிவிட்டால் அந்த மனுஷன் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அந்தப் பயத்தில்தான் எல்லாமே ஆரம்பித்தது.

நம் வீட்டுச் சட்டம் உனக்கு நினைவிருக்கும். ஒருவர் சாப்பிடக் கூடாததை யாரும் சாப்பிடக் கூடாது. உனக்கு ஐந்து வயதில் தொண்டையில் ஆபரேஷன் செய்தபோது பத்து நாள் நாங்களும் உன்னோடு கஞ்சிதான் குடித்தோம். அதே சட்டம் மறுபடி அமலுக்கு வந்தது. புத்தகம் படிக்கிற பிள்ளை ஒன்று வீட்டில் இருக்கும்போது நமக்கு என்ன கவலை என்று உன் அப்பா சொல்ல, இவள் மறுநாளே நூலகத்துக்குப் போய்த் தடித்த புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தாள். ‘தவிர்க்க வேண்டியவை’ என்று தலைப்பு, கீழே இரண்டு கோடு, பதினொரு வரி. வெண்ணெய், பாலாடை, முட்டையின் மஞ்சள் கரு, இறைச்சிக் கொழுப்பு, பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சுவது என்று போயிற்று பட்டியல். எண்ணெய் என்ற சொல்லைப் பார்த்ததும் உன் அப்பா எண்ணெய் முழுவதையும், கொட்டை பருப்புகளையும், கொழுத்த மீனையும் தன் கையாலேயே கீழே சேர்த்துவிட்டார், எதற்கு வம்பு என்று. தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். வலது மூலையில் ஒரு அம்புக்குறி வரைந்திருந்தாள். அது எதைக் காட்டுகிறது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. ஃபிரிட்ஜுக்கு வலது பக்கம் குப்பைத் தொட்டி இருந்தது. ஆகவே எல்லாவற்றையும் அதில் போடச் சொல்கிறது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

நான் அப்படிக் கொட்டுகிறவள் இல்லை. குப்பைக்குப் போக வேண்டியதையெல்லாம் மேல்வீட்டுப் பாட்டு டீச்சரிடம் கொடுத்தேன். அவரிடம் ஒரு பூனை உண்டு, சாப்பாட்டைப் பார்வையிடுவதைத் தவிர வேறு வேலை எதுவும் செய்யாததால் அதற்கு ‘முதலாளி’ என்று பெயர். தினமும் நாங்கள் வெள்ளைக் கருவைத் தின்றோம், முதலாளி மஞ்சள் கருவைத் தின்றார். நாங்கள் தண்ணீரில் அவித்த காய் தின்றோம், முதலாளிக்கு மீன் தோல் போயிற்று. இந்தச் சமயத்தில்தான் உன் முதல் பெட்டி வந்தது. அப்பாவுக்குக் கொழுப்பு என்று கேள்விப்பட்டதும் உன் தொழிற்சாலையில் செய்கிற ‘கொழுப்பு பூஜ்யம்’ பிஸ்கட்டை நீயே கட்டி அனுப்பினாய் பார், அந்தப் பெட்டி. உன் அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இனிமேல் பிழைத்துக்கொள்வேன் என்றார். காலையில் கேபினுக்கு ஏறும்போது ஒரு பாக்கெட், மதியம் ஒன்று, இறங்கினதும் ஒன்று. பூஜ்யத்தை எத்தனை தரம் கூட்டினாலும் பூஜ்யம்தானே என்று என்னிடமே கணக்குச் சொன்னார். மாதா மாதம் பெட்டி வந்தது, மாதா மாதம் தீர்ந்தது.

இரண்டாவது மாதத்தில் வீடு காய்ந்துபோனது. அவித்த காயை எத்தனை தட்டு தின்றாலும் ஒரு மணி நேரத்தில் வயிறு கதவைத் தட்டும். எனக்கு உதடு வெடித்தது, கை சொரசொரத்தது, தையல் கடையில் பட்டுத் துணியைத் திருத்தும்போது நூல் விரலில் மாட்டியது. ஒரு நாள் ஒரு சட்டைப் பித்தான் உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது, அதற்காக நான் உட்கார்ந்து அழுதேன் என்றால் நம்புவாயா. சின்னவள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கினாள். உன் அப்பா கதவிடம் சண்டை போட்டார், செருப்பிடம் சண்டை போட்டார், கடிகாரம் சத்தமாக ஓடுகிறது என்று அதைக் கழற்றிக் குப்புறப் படுக்க வைத்தார். கடைசியில் ஒரு நாள் கண்டெய்னர் ஒன்றை ஏழாம் வரிசைக்குப் பதிலாக எட்டாம் வரிசையில் இறக்கியிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கீழே நின்று சைகை காட்டுகிற கயிறு மாமா உடனே பார்த்துச் சொல்ல, அவரே தூக்கிச் சரியான இடத்தில் வைத்துவிட்டார். ஆனால் பத்தொன்பது வருடத்தில் அது முதல் தடவை. அன்று வீட்டுக்கு வந்தவர் நான்கு பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார்.

மூன்று மாதம் முடிந்து இரண்டாவது சோதனைக்கு நானும் கூடப் போனேன். பரீட்சையில் முதல் மார்க் வாங்கப்போகிற பையன் மாதிரி தலை வாரிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். கெட்ட கொழுப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் நல்ல கொழுப்பும் கூடவே இறங்கிவிட்டது, ட்ரைகிளிசரைடு என்று இன்னொரு கொழுப்பு இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது, எடையும் நாலு கிலோ கூடியிருக்கிறது, என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். (நாலு கிலோவை நான் சொல்லியிருப்பேன், அவருடைய வேலைக் காற்சட்டையை இரண்டு தரம் தளர்த்தித் தைத்தவள் நான்தானே.) உன் அப்பா பெருமையாகப் பட்டியலை ஒப்பித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். டாக்டரம்மா அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். முதலில் வெள்ளை மாவு, இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது சர்க்கரைப் பாகு. வேண்டியதற்கு மேல் உள்ளே போகிற மாவையும் சர்க்கரையையும் உடம்பே கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விட்டுவிடுமாம். “வாசக்கதவைப் பூட்டிட்டு ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கீங்களே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. ஆறு வாரம் கழித்து வாருங்கள், அதுவரை மேலே ஏற வேண்டாம் என்றுவிட்டார்.

ஆக, மகனே, நீ போனில் அப்பாவிடம் மேலே காற்று எப்படி என்று கேட்டபோதெல்லாம் அவர் கேட் மேசையில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதிவிட்டு வந்தவர். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். கீழே இறக்கிவிட்டார்கள் என்பதைக்கூடச் சொன்னால் சொல், பிஸ்கட்டை மட்டும் சொல்லாதே, பையன் மனசு உடைந்துவிடும் என்றார். தினமும் காலையில் கிரேன் கையுறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் போவார். பேனா பிடிக்கக் கையுறை எதற்கு என்று எனக்கு நாக்கு நுனி வரை வரும், கேட்கவில்லை. போகிற வருகிற டிரைவர்கள் பழக்கத்தில் என்ன உச்சாணி சௌக்கியமா என்று கேட்பார்களாம். அந்தப் பெயரை அவர் வீட்டில் சொல்லிக்காட்டியபோது நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். இந்த இடத்தில் உன் தங்கை பேனாவைக் கேட்கிறாள். எழுதட்டும்.

அண்ணா, இது நான். நான் எப்போதும் எல்லாவற்றையும் முழுதாகப் படிப்பேன் என்று நீ எல்லோரிடமும் சொல்வாய், அதனால் இதை உனக்கு எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் எழுத வேண்டும். விரித்தால் இடப்பக்கம் ‘தவிர்க்க வேண்டியவை’, வலப்பக்கம் ‘சேர்க்க வேண்டியவை’. நான் இடப்பக்கத்தை முடித்தபோது நூலகர் விளக்கை அணைக்கத் தொடங்கிவிட்டார். மறுநாள் வந்து வலப்பக்கத்தை எழுதிக்கொள்ளலாம் என்று மூலையில் அம்புக்குறி போட்டேன். மறுநாள் கணக்குப் பரீட்சை. அதற்கு மறுநாள் அந்தத் தாள் ஃபிரிட்ஜில் ஏறிவிட்டது, எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள், புகழ்ச்சியில் எனக்கு அது மறந்தே போய்விட்டது. அப்பா கையுறையோடு கேட் மேசைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள் மாடிப்படியில் முதலாளியைப் பார்த்தேன். அதன் ரோமம் எண்ணெய் பூசின மாதிரி மின்னியது. கண்ணில் வெளிச்சம். ஒரே எட்டில் மூன்று படி தாண்டியது. பக்கத்துக் கண்ணாடியில் என் முகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருந்தது. நாங்கள் வேண்டாம் என்று தள்ளியதையெல்லாம் தின்றதும் அதுதான், வீட்டிலேயே நன்றாக இருக்கிறதும் அதுதான். அப்போதுதான் அம்புக்குறி நினைவு வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

வலப்பக்கத்தில் இருந்தது இதுதான். கொழுப்பில் பல வகை உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை கொடுக்கக் கூடாது. மீனிலும் கொட்டைகளிலும் விதைகளிலும் நல்ல எண்ணெயிலும் இருக்கிறது இதயத்துக்கு உதவுகிற வகை. மூளையின் தண்ணீரை நீக்கிவிட்டு நிறுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கொழுப்புதானாம். சில வைட்டமின்கள் கொழுப்பு கூட இல்லாவிட்டால் உடம்பில் சரியாகச் சேராதாம். மூன்று மாதமாக நாங்கள் முயல் மாதிரி தின்ற கேரட்டின் சத்தில் பாதிக்கு மேல் வந்த வழியே போயிருக்கும். சில வகைக் கொழுப்பு குறைந்தால் சிலருக்கு மனச்சோர்வு கூடலாம் என்று ஆராய்கிறார்கள், முடிவாகச் சொல்ல முடியாது என்றும் போட்டிருந்தது. அதையும் விடாமல் எழுதிக்கொண்டேன். இனிமேல் எதையும் விடப்போவதில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி அம்மா சொல்வார்.

சொல்கிறேன். இவள் நின்றுகொண்டு சொன்னாள். என்னால்தான் அப்பா கீழே இறங்கினார் என்றாள். உன் அப்பா கையில் இருந்த அவித்த முட்டைக்கோஸைத் தட்டில் திருப்பி வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், இரண்டு மாதமாகச் செருப்பிடம் சண்டை போடுகிற மனுஷன் ஆயிற்றே. ஆனால் அவர் சொன்னது, “பாதிப் பாலம் கட்டிட்டு லாரியை விட்டுட்டியேம்மா. சரி, உட்காரு. மீதிப் பாலத்தைப் படி.” இவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வலப்பக்கத்தைப் படித்தாள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எண்ணெயையும் பருப்பையும் பட்டியலில் சேர்த்தது நான், நூலகம் இல்லை, அந்தப் பழி என் தலையில் இருக்கட்டும் என்றார். மறுநாள் டாக்டரம்மாவிடம் இரண்டு பக்கத்தையும் கொண்டுபோய்க் காட்டினோம். மஞ்சள் கருவைப் பற்றிப் புத்தகம் கொஞ்சம் பழசு, வாரத்துக்குச் சில தரம் தின்னலாம் என்று பென்சிலால் திருத்தினார். உன் அப்பாவின் கோபத்துக்கும் எட்டாம் வரிசைக்கும் சாப்பாடுதான் காரணமா என்று நான் கேட்டேன். சாப்பாடாக இருக்கலாம், சர்க்கரை ஏறி இறங்கினதாக இருக்கலாம், வேலை போய்விடுமோ என்ற பயமாகவும் இருக்கலாம், எதற்கும் மூன்றையும் சரிசெய்யுங்கள் என்றார்.

அன்று வீட்டில் இரண்டு கரண்டி எண்ணெயில் வெங்காயம் வதக்கினேன். அந்த வாசனை வந்ததும் மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நின்றுவிட்டோம், யாரோ வெளியூரிலிருந்து வந்து இறங்கின மாதிரி. மாடிப்படியில் முதலாளி வந்து உட்கார்ந்து, தன் பங்கு எங்கே என்று எங்களை முறைத்தார். அவருக்கு அன்றிலிருந்து கஷ்ட காலம். எங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் மீன், தினம் ஒரு பிடி கொட்டை, இனிப்புப் பானம் கிடையாது, வெண்ணெய் எப்போதாவது கத்தி நுனியில், சாயங்காலம் உன் அப்பாவும் சின்னவளும் நூலகம் வரை நடை. அங்கே இவள் படிப்பாள், அவர் வெளியே நின்று கிரேன்களை எண்ணுவார். ஆறு வாரம் முடிவதற்குள் அந்தக் காற்சட்டையை ஒரு தரம் பிடித்துத் தைத்துவிட்டேன், இன்னொரு தரத்துக்கு இதோ மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டே சொல்கிறேன்.

நேற்று மூன்றாவது சோதனையின் முடிவு வந்தது. ஏறினது பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, நல்லது கொஞ்சம் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. இன்னும் கவனம் வேண்டும் என்று சொல்லி நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை ஒரு வருடத்துக்கு. உன் அப்பா டாக்டரம்மாவிடம் என்ன சொன்னார் தெரியுமா, ‘கொஞ்சம்’ என்றீர்களே, அதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்றாராம். இன்று காலை கையுறையை மாட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார்.

இனி உன் விஷயம். பிஸ்கட் அனுப்பாதே என்று எப்படி எழுதுவது என்று ஒரு மாதமாக யோசித்தேன். நேற்றுக் கயிறு மாமா கூடவே வீட்டுக்கு வந்தவர், உன் அப்பா கை கழுவப் போன நேரம் பார்த்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். உன் அப்பா கீழே இறங்கினதும் மாற்று ஆளுக்காகக் கேபினைச் சுத்தம் செய்யப் போனாராம். கண்ணாடி இல்லாத பின்சுவர் முழுக்க அட்டைத் துண்டு ஒட்டியிருந்ததாம், நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றிலும் ‘கட்டியவர் எண் 47’ என்று முத்திரை. உன் எண். பிஸ்கட் பாக்கெட்டின் மடிப்பில் நீ குத்துகிறாயே, அது. இது எதற்கு என்று உன் அப்பாவிடம் கேட்டதற்கு, பக்கத்தில் பையன் இருக்கிற மாதிரி இருக்கிறது என்றாராம். அந்த பிஸ்கட் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காதாம், மரத்தூள் மாதிரி இருக்கிறது என்று கயிறு மாமாவிடம் தினமும் புலம்புவாராம். அப்புறம் ஏன் தின்னணும், அட்டையைக் கிழிச்சுக்கிட்டு மிச்சத்தைத் தூரப் போடு என்று மாமா சொன்னாராம். அதற்கு உன் அப்பா, “பையன் கட்டினதை எவனாவது கொட்டுவானா?”

ஆகவே, மகனே, நீ மனதை உடைத்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. நாங்கள் மூன்று பேரும் அன்பில்தான் அளவு தப்பினோம், நீயும் அதே கூட்டம். நீயும் அந்த பிஸ்கட்டைத் தின்று காலம் தள்ளாதே, கேன்டீனில் கறுத்துப்போன எண்ணெயில் பொரித்ததைத் தொடாதே, மீன் கிடைத்தால் விடாதே, பையில் ஒரு பிடி கொட்டை வைத்துக்கொள், கோபம் வந்தால் முதலில் என்ன சாப்பிட்டோம் என்று யோசி. நீ தேகபலத்தோடும் தெளிந்த மனதோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று இரண்டு கையையும் உன் தலையில் வைத்த மாதிரி நினைத்து வாழ்த்துகிறேன். லீவு கிடைத்ததும் வா, அப்பா உன்னைக் கேபினைப் பார்க்கக் கூட்டிப்போவார், சுவரைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. இனி மாதா மாதம் பெட்டி வேண்டாம். ஒரு கடித உறையில், உன் எண் குத்தின அட்டை ஒன்று மட்டும் வைத்து அனுப்பு. சுவரில் இன்னும் இடம் இருக்கிறதாம்.

என்றும் உன் நினைவாக,
அம்மா

(எழுதியது தங்கை. இரண்டு பக்கமும் இரண்டு தரம் படித்துச் சரிபார்த்தேன். மூலையில் அம்புக்குறி எதுவும் இல்லை.)